அம்மா கதவைத் திறந்தார், தேனியில் இருக்கும் தம்பிக்கு இங்கிலாந்தில் ஓட்டுக் கடிதம் வந்துவிட்டது

தேனிக்காரன்:

இங்கிலாந்தில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டே பதில் சொல்லுங்கள், பரவாயில்லை.

நானும் மனைவியும் இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவள் நர்ஸ். அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். லண்டனிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளி ஓர் ஊரில், பழைய வீடு ஒன்றின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஆகஸ்டிலிருந்து கவுன்சில் (நம் ஊர் நகராட்சி மாதிரி) கடிதம் வந்துகொண்டே இருந்தது. உறையில் எங்கள் பெயர் இல்லை, "குடியிருப்பவருக்கு" என்று மட்டும் இருந்தது. முன்பு இங்கே குடியிருந்தவர்களுக்கே வாரம் நாலு கடிதம் வரும். அதோடு சேர்த்து, பீட்சா கடை நோட்டீஸோடு சேர்த்து, இதையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். அப்புறம் இரண்டு தடவை கதவுக்கு அடியில் ஒரு சீட்டு கிடந்தது: வந்தோம், நீங்கள் இல்லை, மறுபடி வருவோம் என்று. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. மனைவிக்கு டியூட்டி. நான் தேங்காய் வாங்க இந்தியக் கடைக்குப் போயிருந்தேன். வீட்டில் அம்மா மட்டும்தான். ஆறு மாத விசிட் விசாவில் வந்திருக்கிறார். ஆங்கிலத்தில் "யெஸ்", "நோ", "தேங்க்யூ" மூன்றும் தெரியும். மணி அடித்திருக்கிறது, திறந்திருக்கிறார். "ஒரு வெள்ளைக்காரத் தாத்தாடா. கழுத்துல அட்டை, கையில சிலேட்டு மாதிரி ஒண்ணு. மழையில நனைஞ்சு நின்னாரு. நேம் நேம்னு கேட்டாரு, பாவமா இருந்துச்சு, சொன்னேன்" என்றார்.

எதைச் சொன்னீர்கள் என்று கேட்டால், ரேஷன் கார்டில் இருக்கிற வரிசைப்படி சொல்லியிருக்கிறார். தன் பெயர், என் பெயர், மனைவி பெயர், கடைசியாகத் தேனியில் டிராக்டர் ஷோரூமில் வேலை பார்க்கும் என் தம்பி பெயர். "நம்ம குடும்பத்துல இருக்குறவங்களத்தானே கேட்டாரு?" இறந்துபோன அப்பா பெயரைச் சொல்லாமல் விட்டாரே என்று நிம்மதிப்பட்டுக்கொண்டேன்.

அக்டோபரில் நாலு உறை வந்தது, ஆளுக்கு ஒன்று. வாக்காளராகப் பதிவு செய்யுங்கள், பதில் சொல்லாவிட்டால் 80 பவுண்டு அபராதம் விதிக்கப்படலாம் என்று எழுதியிருக்கிறது. தம்பியின் உறையை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன். "80 பவுண்டுன்னா எவ்வளவுண்ணே?" என்று கேட்டான். சொன்னதும் அரை மணி நேரம் பதிலே இல்லை.

என் குழப்பம் இதுதான். நாங்கள் இந்தியக் குடிமக்கள், கையில் இருப்பது வேலை விசா. எங்களுக்கு எதற்கு ஓட்டு? தப்பாகப் பதிந்துவிட்டு நாளைக்கு நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது மாட்டிக்கொள்வோமா? தம்பி உறையை என்ன செய்வது? வீட்டு ஏஜெண்ட் வேறு, குடி வரும்போதே "இந்த முகவரியில் எதற்கும் பெயர் பதியாதீர்கள், ஓனருக்குப் பிடிக்காது" என்று சொல்லியிருக்கிறார். இது போதாதென்று, இந்த 2025 நவம்பரில் தேனி வீட்டுக்கு எஸ்.ஐ.ஆர். (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) படிவத்தோடு பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வந்துபோயிருக்கிறார். இங்கே பதிந்தால் அங்கே பெயர் போய்விடுமா என்று அம்மா ராத்திரி தூங்காமல் கேட்கிறார்.

---

எச்1பி_பயணி:

தொடாதே. ஓட்டு குடிமக்களுக்கு மட்டும்தான். இங்கே டெக்ஸாஸில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது தெரியாமல் வாக்காளராகப் பதியும் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, பிறகு வக்கீலுக்கு அழுத காசில் ஒரு கார் வாங்கியிருக்கலாம். நாலு உறையையும் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்.

---

மழைக்கோட்டு:

கிழித்துவிடாதே தம்பி. டெக்ஸாஸ்காரர் சொல்வது அவர் நாட்டுக்குச் சரி, அங்கே அது பெரிய குற்றம். இங்கே கதை வேறு.

நான் திருச்சிப் பக்கம். இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கடந்த நாலு வருடமாக, செப்டம்பரில் தொடங்கி சாயங்காலமும் சனிக்கிழமையும் உன் அம்மா பார்த்த தாத்தா செய்யும் வேலையைத்தான் நானும் செய்கிறேன். கழுத்தில் அட்டை, கையில் சிலேட்டு, எப்போதும் மழை. நாங்கள் அதிகாரி எல்லாம் இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார், கல்லூரிப் பிள்ளைகள், என்னைப் போல நாலு காசு கூடக் கிடைத்தால் ஆகும் என்று நினைப்பவர்கள்தான்.

முதலில் அவர் உன் வாசலுக்கு ஏன் வந்தார் என்று சொல்கிறேன், அதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஒவ்வொரு வருடமும் ஜூலை வாக்கில் கவுன்சில் தன் வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர்களை வேலை, ஓய்வூதியத் துறையின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு வீட்டில் எல்லாம் பொருந்திப்போனால் அங்கே ஒரு கடிதம் மட்டும் போகும். மாற்றம் இல்லை என்றால் பதிலே போட வேண்டாம். 2020க்கு முன்னால் எல்லா வீடும் பதில் போட வேண்டியிருந்தது. இப்போது பொருந்தாத வீடுகள் மட்டும்தான் பதில் சொல்லியாக வேண்டும். அவர்களும் சொல்லாவிட்டால்தான் எங்களைப் போன்றவர்கள் நடக்கிறோம், அல்லது போன் வரும். டிசம்பர் 1க்குள் புதிய பட்டியல் வெளிவர வேண்டும், அதற்குள் ஓட்டம். அதனால் இருபது வருடமாகச் சொந்த வீட்டில் இருப்பவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் பங்குக்கு வருவதெல்லாம் கபாப் கடை மாடி, பின்பக்கப் படிக்கட்டு, ஒரே கதவில் ஏழு அழைப்பு மணி உள்ள வீடு. உன் வீட்டில் முன்பு இருந்தவர்கள் போய்விட்டார்கள், நீங்கள் வந்திருப்பது பட்டியலுக்குத் தெரியாது. "குடியிருப்பவருக்கு" என்று எழுதியதும் அதனால்தான். எவருடைய கண்ணையும் ஈர்க்காத உறை அது, நானே என் வீட்டில் ஒன்றைக் கிழித்திருக்கிறேன்.

நம் ஆட்கள் வீடு எனக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். படியோரம் செருப்பு வரிசை, ஜன்னலில் கறிவேப்பிலைத் தொட்டி. போன மாதம் ஒரு வீட்டில் மணியை அடித்துவிட்டு நிற்கிறேன், உள்ளே குக்கர் மூன்று விசில் அடித்தது, அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது, திரைச்சீலை ஓரமாக அசைந்தது. ஆள் வரவில்லை. சாம்பார் வாசனை மட்டும் வந்தது. சிலேட்டில் "பதில் இல்லை" என்று போட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போனேன். அந்த வீட்டுக்கு மூன்று தடவை நடந்தேன். மூன்றாம் தடவை தமிழில் "அம்மா, ஓட்டு விஷயம்மா" என்று குரல் கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. வீடு காலி செய்யச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்களாம்.

இப்போது உன் விஷயம். இந்தியா, இலங்கை, மலேசியா போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு, இங்கே தங்க முறையான விசா இருந்து இங்கேயே குடியிருந்தால், ஓட்டு உண்டு. கவுன்சிலுக்கு மட்டும் இல்லை, நாடாளுமன்றத்துக்கும் உண்டு. இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. போன மாதம் வந்து இறங்கிய மாணவருக்கும் உண்டு. ஒரு காலத்தில் சாம்ராஜ்யம் முழுக்க எல்லோரும் "பிரிட்டிஷ் பிரஜைகள்". அந்தப் பிரஜைக்கு ஓட்டு என்று 1918இல் எழுதினார்கள், அப்புறம் சாம்ராஜ்யம் போய்விட்டது, விதி மட்டும் தங்கிவிட்டது. உன் பக்கத்து வீட்டில் சீனாக்காரரோ அமெரிக்காக்காரரோ இருந்தால், அவர் இங்கே பத்து வருடம் வரி கட்டியிருந்தாலும் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட முடியாது, நீ போடலாம். நியாயமா என்று என்னைக் கேட்காதே.

ஆகவே நீயும் உன் மனைவியும் பதியுங்கள். இணையத்தில் ஐந்து நிமிட வேலை. தேசிய காப்பீட்டு எண் கேட்பார்கள். நாட்டுரிமை என்ற இடத்தில் "இந்தியன்" என்று உள்ளதை உள்ளபடி போடு. சந்தேகம் வந்தால் விசா பற்றி ஹோம் ஆபீஸிடம் கவுன்சில் கேட்டுக்கொள்ளலாம், கேட்கட்டுமே. உள்ளதைச் சொன்னவனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பொய்த் தகவல் கொடுத்தால்தான் வம்பு, அதற்குச் சிறைத் தண்டனை வரைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

தம்பி உறைக்கு வருகிறேன் (இதைப் படித்துவிட்டு என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன், டீ மூக்கில் ஏறிவிட்டது). உன் அம்மா வாசலில் சொன்னதால் யாரும் வாக்காளர் ஆகிவிடவில்லை. 2014 வரைக்கும் வீட்டில் ஒருவர் எல்லோர் பெயரையும் எழுதிக் கொடுத்தால் போதும், பட்டியலில் ஏறிவிடும். அந்த வருடத்திலிருந்து ஆளாளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தாத்தா எழுதிக்கொண்டு போனது "இந்த வீட்டில் இவர்கள் இருக்கலாம்" என்ற தகவல் மட்டும். அதை வைத்து அந்தப் பெயர்களுக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறார்கள். உறையில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு, இவர் இங்கே குடியிருக்கவில்லை, என் அம்மாவுக்கு மொழி புரியாமல் சொல்லிவிட்டார் என்று சொல். நீக்கிவிடுவார்கள். இந்தத் தப்பை நான் வாரத்துக்கு ஒன்று பார்க்கிறேன். போலந்துப் பாட்டி ஒருவர் பூனை பெயரையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

அம்மாவும் அப்படித்தான். விசிட் விசாவில் வந்தவர் விருந்தாளி, குடியிருப்பவர் இல்லை. அதையும் அதே போனில் சொல்லிவிடு.

80 பவுண்டு என்பது, தகுதி இருந்தும் விண்ணப்பிக்கச் சொல்லிப் பலமுறை கேட்ட பிறகும் அசையாதவருக்கு. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டார்களே, அந்தக் கேள்விக்குப் பதில் தராமலே இருந்தால் 1,000 பவுண்டு வரை போடலாம் என்று சட்டம் சொல்கிறது. நான் நடக்கும் தெருக்களில் ஒருவரும் கட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை, ஆனாலும் அதை நம்பிச் சும்மா இருக்காதே.

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். சம்பளச் சீட்டில் முன்னது பின்னதாக மாறியிருக்கும். தேசிய காப்பீட்டுப் பதிவில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதோடு பொருந்தாவிட்டால் விண்ணப்பம் நின்றுபோய், பாஸ்போர்ட் நகல் கேட்டு இன்னொரு கடிதம் வரும். 2023 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் வாக்குச்சாவடியில் படம் போட்ட அடையாள அட்டையும் காட்ட வேண்டும். நம் இந்திய பாஸ்போர்ட் செல்லும். அதனால் பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எழுது. "எம்." என்று ஒற்றை எழுத்து போட்டுப் பதிந்துவிட்டு, வாக்குச்சாவடியில் அந்தப் பெண்ணுக்குத் தமிழ்ப் பெயர் இலக்கணம் பாடம் எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். பின்னால் வரிசை நின்றது.

---

பழைய_ஈஸ்ட்ஹாம்:

தங்கச்சி விபரமாகச் சொல்லிவிட்டார். நான் யாழ்ப்பாணம், 1984இல் இங்கு வந்தவன். 1987 பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டேன். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு படிவம்தான். ஒரு வீட்டில் நாங்கள் பதினொரு பெடியன்கள். ஆங்கிலம் கொஞ்சம் கூட வருமென்று என்னை வீட்டுத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். பதினொரு பெயரையும் நான்தான் எழுதினேன், கட்டம் போதாமல் மறுபக்கத்திலும் எழுதினேன்.

ஊரில் இந்த வேலையை விதானையார் (கிராம அலுவலர்) செய்வார். வருசத்துக்கு ஒருக்கால் வாக்காளர் இடாப்புக்கான பீ.சீ. படிவத்தோடு சைக்கிளில் வருவார். அவருக்கு எங்கள் வீட்டில் யார் பிறந்தது, யார் கொழும்புக்குப் போனது எல்லாம் முன்னமே தெரியும். படிவம் ஒரு சாட்டு, தேத்தண்ணி குடிக்கத்தான் வருகிறார் என்று அம்மா சொல்வா. தம்பியின் தாயார் கதவைத் திறந்து பெயர்களைச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பா.

ஆனால் என் மனைவி சொல்லமாட்டா. அவ 1996இல் விசாவுக்காகக் கொழும்பில் லொட்ஜில் காத்திருந்தவ. தமிழர் என்றால் தங்கியிருப்பவர் பெயரைப் பொலிசில் பதிய வேண்டும். இரவில் வந்து அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆட்களை எண்ணுவார்கள். இங்கு வந்து பல வருசம், கையில் தாளோடு ஒருவர் வாசலில் நின்றால் அவ குசினிக்குள் போய்விடுவா. கதவைத் திறப்பது நான், பெயர் சொல்வது நான். ஒரு ஒக்டோபரில் நான் வேலையில் நிற்கும்போது ஒரு கறுப்பினப் பெண்மணி வந்திருக்கிறா. மனைவி கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடைவெளியால் பார்த்திருக்கிறா. அந்தப் பெண்மணி கழுத்து அட்டையைக் கழற்றி அந்த இடைவெளிக்குள்ளால் நீட்டி, "நீங்களே பாருங்கள், சந்தேகம் என்றால் இந்த நம்பருக்கு அடித்துக் கேளுங்கள், நான் கீழே நிற்கிறேன்" என்று சொல்லிப் படியால் இறங்கிவிட்டா. மனைவி கவுன்சிலுக்கு அடித்துக் கேட்டுவிட்டுத்தான் சங்கிலியைக் கழற்றினா. அவ தன் பெயரைத் தானே சொன்னது அன்றைக்குத்தான்.

இதைப் படிக்கும் பிள்ளைகளும் அதையே செய்யுங்கள். அட்டையைக் கேளுங்கள், கவுன்சிலுக்கு அடித்துக் கேளுங்கள். உள்ளே விட வேண்டிய அவசியம் இல்லை. வங்கி விபரம், காசு கேட்டால் அது கவுன்சில் ஆள் அல்ல.

2024 ஜூலைத் தேர்தலில் எங்கள் பக்கத்து ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்றபோது மனைவி விடியும் வரை தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தா. அது எங்கள் தொகுதி இல்லையப்பா என்று நான் சொன்னது காதில் விழவில்லை.

---

மாடி_அறை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஏஜெண்ட் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. எனக்கும் அதே கதைதான். ஆறு பேர் இருக்கும் வீடு, ஓனர் "இரண்டு பேர் மட்டும் பதியுங்கள்" என்கிறார். இன்னொன்று: பதிந்தால் விளம்பரக் கடிதம் குவியும், ஜூரி வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்கிறார்களே?

---

மழைக்கோட்டு:

வீட்டு ஓனருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீ எங்கே தூங்கி எழுந்திருக்கிறாயோ அங்கே பதியலாம், அவர் அனுமதி வேண்டாம். அவர் ஏன் பதறுகிறார் என்பது வேறு கேள்வி. ஆறு பேரை வைத்து வாடகை வாங்குபவருக்கு அதற்கான உரிமம் வேண்டியிருக்கும், அதை எடுக்கவில்லையோ என்னவோ. சில வீடுகளில், ஒருவர்தான் குடியிருக்கிறார் என்று சொல்லி கவுன்சில் வரியில் 25 சதவீதத் தள்ளுபடி வாங்கிக்கொண்டிருப்பார்கள். பட்டியலில் மூன்று பெயர் தெரிந்தால் அது கேள்விக்கு வரும். அவர் பிரச்சினையை நீ ஏன் சுமக்க வேண்டும்? ஒரே கதவில் ஏழு அழைப்பு மணி என்று மேலே சொன்னேனே, அந்த வீட்டில் ஒரு பையன் வாசல் வரைக்கும் வந்து, மேலே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நான் இங்கே இல்லைன்னு போட்டுக்கோங்க" என்றான். காலில் வீட்டுச் செருப்பு. எனக்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

விளம்பரக் கடிதத்துக்கு வழி இருக்கிறது. பட்டியல் இரண்டு உண்டு. முழுப் பட்டியல் தேர்தலுக்கும், ஜூரிக்கும், கடன் தகுதி பார்க்கும் நிறுவனங்களுக்கும் போகும். திறந்த பட்டியல் என்று இன்னொன்று, அதை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். விண்ணப்பத்திலேயே அதில் வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கும், தேடிப்பிடித்து டிக் அடி. அவசரத்தில் தாண்டிப் போகிற இடத்தில்தான் அது இருக்கும். கடன் தகுதி என்றேனே, நம் ஆட்களில் பலர் பதிவதே அதற்காகத்தான். கிரெடிட் கார்டு இரண்டு தடவை மறுத்த பிறகு, முகவரி உறுதியாகவில்லை என்று தெரிந்து ஓடி வருவார்கள். எதற்கு வந்தால் என்ன.

ஜூரிக்கு, பதிமூன்று வயதுக்குப் பிறகு இந்த நாட்டில் ஐந்து வருடமாவது வாழ்ந்திருக்க வேண்டும். பதினான்கு மாதக்காரர் நிம்மதியாக இருக்கலாம்.

---

எச்1பி_பயணி:

இங்கிலாந்து சமாச்சாரத்தில் நான் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேனி விஷயம் எனக்குத் தெரியும், நானே அதில் ஓடி அலைந்தவன்.

அந்தப் பட்டியலுக்கும் இந்தப் பட்டியலுக்கும் தொடர்பு இல்லை. இங்கிலாந்தில் ஓட்டுப் போடுவதால் இந்தியக் குடியுரிமை போகாது, வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால்தான் போகும். அம்மா ஆறு மாதம் வெளியே இருப்பது தற்காலிகம், அதனால் அவர் தேனிவாசி இல்லை என்று ஆகிவிடாது. எஸ்.ஐ.ஆர். படிவத்தில் வீட்டில் இருக்கும் வயதுவந்த ஒருவர் அவருக்காகக் கையெழுத்துப் போடலாம், தம்பியைப் போடச் சொல். பி.எல்.ஓ. கையெழுத்துப் போட்ட ஒரு பிரதியைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல், அதுதான் முக்கியம்.

உன் பெயர்தான் சிக்கல். வேலைக்காக வெளிநாட்டில் குடியிருப்பவன் சாதாரண வாக்காளராக அங்கே நீடிக்கக் கூடாது. வெளிநாடுவாழ் வாக்காளர் என்று படிவம் 6ஏ போட வேண்டும், பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரிக்குப் பதிவார்கள். தேர்தல் அன்று நேரில் போய் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஓட்டுப் போட முடியும். டிக்கெட் விலையைப் பார்த்தால் அது ஓட்டு இல்லை, நேர்த்திக்கடன்.

---

தேனிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மழைக்கோட்டு அக்கா சொன்னபடி திங்கட்கிழமை கவுன்சிலுக்குப் போன் போட்டேன். இருபது நிமிடம் பாட்டு கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார். தம்பி உறையில் இருந்த எண்ணைச் சொன்னேன்.

"இவர் அந்த முகவரியில் இருக்கிறாரா?"

"இல்லை, தேனியில் இருக்கிறார்."

"அது எந்தக் கவுன்சில்?"

விளக்கினேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை, அப்புறம் சிரித்துவிட்டார். தம்பி பெயரும் அம்மா பெயரும் போய்விட்டன. எனக்கும் மனைவிக்கும் அன்று ராத்திரியே இணையத்தில் பதிந்தோம். எனக்குச் சட்டென்று முடிந்தது. மனைவிக்கு அக்கா எச்சரித்த மாதிரியே ஆனது. காப்பீட்டுப் பதிவில் அவள் பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறிக் கிடந்திருக்கும் போல, பாஸ்போர்ட் நகல் கேட்டுக் கடிதம் வந்தது, அனுப்பிவிட்டோம். திறந்த பட்டியல் கட்டத்தை இரண்டு பேரும் தேடி டிக் அடித்தோம். மனைவி தன் வார்டில் உள்ள மலையாளி நர்ஸ்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். ஆறு பேரில் ஒருவருக்கும் இது தெரியாதாம். அதில் ஒருவர் இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது.

ஏஜெண்டுக்கு நான் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

தேனியில் தம்பி படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். பி.எல்.ஓ. எங்கள் தெரு அங்கன்வாடி அக்காதானாம், அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறார். பிரதி வாங்கி வைத்திருக்கிறான். நான் 6ஏ பற்றி இனிமேல்தான் படிக்க வேண்டும். இங்கே வந்த உறையை மட்டும் கிழிக்காமல் வைக்கச் சொல்லியிருக்கிறான். அவனுடைய பெயரும் இங்கிலாந்து முகவரியும் சேர்ந்து அச்சில் வந்த ஒரே காகிதம் அதுதானாம், லேமினேட் செய்து ஷோரூமில் மாட்டப்போகிறான்.

பழைய ஈஸ்ட்ஹாம் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அட்டையை வாங்கிப் பார், நமக்குப் போன் செய், அப்புறம் கதவைத் திற என்று சொல்லிக்கொடுத்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நேற்று மத்தியானம் நான் வேலையில் இருந்தபோது கேஸ் மீட்டர் பார்க்க ஒருவர் வந்துபோயிருக்கிறார். எனக்குப் போன் எதுவும் வரவில்லை. சாயங்காலம் கேட்டேன்.

"பேரு ஒண்ணும் சொல்லலடா. தண்ணி மட்டும் குடுத்தேன்."